கோழிக்கு இறகு கொட்டுகிறதா? மருந்து வாங்கும் முன் எந்த இடம் என்று பாருங்கள்

வீட்டுப் பின்பக்கம் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இது வரும். பளபளவென்று திரிந்துகொண்டிருந்த பெட்டைக்கோழி சில நாளிலேயே கழுத்து வெளுத்து, முதுகில் தோல் தெரிய, பார்க்கவே பரிதாபமாக நிற்கும். உடனே யாராவது ஒருவர் "பேன் பிடிச்சிருக்கு, மருந்து அடி" என்பார். ஆனால் இறகு கொட்டுவதற்குப் பேனும் ஒரு காரணம், அவ்வளவுதான். மருந்தே தேவைப்படாத காரணங்கள் நிறைய இருக்கின்றன. பேன் மருந்து என்பது விஷம், அது பட்ட கோழியின் முட்டையைத்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடப் போகிறார்கள், அதனால் காரணம் தெரியாமல் அடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. எந்த இடத்தில் கொட்டியிருக்கிறது, அந்த இடத்துத் தோல் எப்படி இருக்கிறது, இந்த இரண்டையும் கவனித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பகலில் துரத்திப் பிடிக்க வேண்டாம். இருட்டி, கோழி கூட்டில் ஏறி அடங்கிய பிறகு ஒரு டார்ச்சோடு போங்கள், சத்தமில்லாமல் கையில் வந்துவிடும். இறக்கையோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலை பின்பக்கம் போகும்படி வைத்துக்கொண்டால் அடிவயிறும் ஆசனவாய்ப் பகுதியும் உங்கள் கண்ணுக்கு நேராக வரும். அந்த இடத்து இறகை வாயால் ஊதி விலக்கி, தோல் வரைக்கும் டார்ச் அடித்துப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் தட்டையாக எதுவோ வெளிச்சம் பட்டதும் விறுவிறுவென்று ஓடினால் அது பேன். இறகுக் காம்பின் அடியில் வெந்த ரவை ஒட்டிய மாதிரி வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக இருந்தால் அதன் முட்டை. ஊசிமுனை அளவில் கறுப்பாகவோ சிவப்பாகவோ பொடிகள் ஊர்ந்து, அந்த இடத்து இறகே அழுக்குப் பிடித்துக் கறுத்துக் கிடந்தால் அது செள்ளு. அப்படியே இறக்கைக்கு அடியிலும், கழுத்தைச் சுற்றியும், கொண்டை, கண் ஓரம், கால் செதில் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். ஒரு கோழியைப் பார்த்தால் போதாது, இரண்டு மூன்றைப் பாருங்கள்.

இதில் ஒரு விஷயம். சில வெறுமை நோயே இல்லை. அசீல் மாதிரி சண்டைச் சாதிக் கோழிகளுக்கு இறகு இயல்பாகவே குறைவு, நெஞ்செலும்பு மேல் தோல் சிவந்து வெறுமையாகத்தான் இருக்கும். கழுத்தில் இறகே இல்லாத இனமும் உண்டு. வால் வேரின் மேல்பக்கம் சின்னக் காம்போடு ஒரு புடைப்பு இருக்கும், அதைக் கட்டி என்று நினைத்துப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது எண்ணெய்ச் சுரப்பி. கோழி அலகால் அதைத் தொட்டுத் தொட்டுத்தான் இறகுக்கு எண்ணெய் பூசிக்கொள்கிறது, அதில் கை வைக்காதீர்கள்.

சரி, இப்போது இடத்தை வைத்துக் காரணத்துக்கு வருவோம்.

தலையில் ஆரம்பித்து, கழுத்து, நெஞ்சு, முதுகு, இறக்கை, வால் என்று வரிசையாக இறங்கினால், தோல் சுத்தமாக இருந்தால், கோழியும் தெம்பாக மேய்ந்தால், அது பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போடுகிற பருவம். ஒன்றேகால், ஒன்றரை வயதில் முதல் தடவை வரும், அப்புறம் ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு தடவை. பொழுது சுருங்கும் மாதங்களில் அதிகம் பார்க்கலாம். குஞ்சு பொரித்து வளர்த்து ஓய்ந்த கோழியும், கடும் கோடையில் தண்ணீரும் தீவனமும் சரியாகக் கிடைக்காத கோழியும் இப்படி உதிர்ப்பதுண்டு. முட்டை நின்றுவிடும். முழுசாகத் தேற 2 முதல் 3 மாதம் ஆகலாம். இதற்கு மருந்து கிடையாது, தீனிதான். இறகில் 85 முதல் 90 விழுக்காடு புரதம், அது அவ்வளவும் கோழி உடம்பிலிருந்துதான் வர வேண்டும். வெறும் கம்பும் நொய்யும் போட்டால் போதாது. கடலைப்புண்ணாக்கு, எள்ளுப்புண்ணாக்கு, உப்பில்லாத கருவாட்டுத்தூள், வேகவைத்த முட்டை, அசோலா என்ற நீர்ப்பாசி, எது கைக்கு வருமோ அதைச் சேருங்கள். இறகு வளரத் தேவையான மெத்தியோனின் என்ற சத்து எள்ளுப்புண்ணாக்கில் நன்றாக இருக்கிறது. உப்புக் கருவாடு வேண்டாம், உப்பு கூடினால் கோழி தாங்காது.

செலவில்லாமல் புரதம் வேண்டுமென்றால் கரையானை விடப் பெரிசு எதுவுமில்லை. பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, கொஞ்சம் ஓலை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் இருக்கும் நிலத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானையை நிமிர்த்தினால் உள்ளே கரையான் மொய்த்துக் கிடக்கும், வெயில் ஏறும் முன் கொட்டிவிட்டால் கோழிகள் ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடும். கரையானுக்கு மருந்து ஊற்றிய வீட்டுப் பக்கமோ தோட்டத்துப் பக்கமோ மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

புது இறகு குத்துக் குத்தாக, முள் மாதிரி உறையோடு வரும்போது அதற்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டால் வலிக்கும், ஒடிந்தால் ரத்தம் கொட்டும். அந்த நாட்களில் கோழியைப் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

அடிவயிற்றில் மட்டும் வெறுமை, கோழி கூடையை விட்டு எழ மாட்டேன் என்கிறது, கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொக்கரிக்கிறது என்றால் அது அடைக்கோழி. வயிற்றுச் சூடு நேரே முட்டையில் பட வேண்டும் என்பதற்காக அந்த இடத்து இறகு போய்விடுகிறது. விட்டுவிடுங்கள். ஆனால் அடைக்கோழி 21 நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் பேனுக்கும் செள்ளுக்கும் கொண்டாட்டம், அதனால் அடை வைக்கும் முன்பே கோழியை ஒரு தடவை சோதித்துவிட வேண்டும். அடையில் இருக்கும்போது வயிற்றில் எண்ணெய் எதுவும் தடவாதீர்கள், அது முட்டை ஓட்டின் நுண்துளைகளை அடைத்து உள்ளே இருக்கும் குஞ்சை மூச்சுமுட்ட வைக்கும்.

முதுகும் பிடரியும் இறக்கை வேரும் மட்டும் தேய்ந்திருந்தால் குற்றவாளி சேவல். மிதிக்கும்போது பிடரியை அலகால் கவ்வும், நகமும் காலில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளும் முதுகைக் கிழிக்கும். 3 பெட்டைக்கு ஒரு சேவல் என்று வைத்திருக்கும் வீடுகளில் இது நிச்சயம் வரும், 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அப்படியும் சேவலுக்குப் பிடித்த பெட்டை ஒன்று இருக்கும், அதன் முதுகுதான் முதலில் மொட்டையாகும். சேவலைத் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள், நக நுனியையும் முள் நுனியையும் லேசாக அரம் வைத்து மழுக்குங்கள். ஆழமாக வெட்டினால் ரத்தம் வரும், நுனி மட்டும் போதும். இங்கே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் மறுபடி முளைக்க ஆரம்பிக்கும். ஆனால் பாதியில் ஒடிந்து, காம்பு தோலிலேயே நின்றுவிட்டால் அடுத்த உதிர்ப்புப் பருவம் வரை அங்கே புது இறகு வராது. சேவல் மிதித்த முதுகில் பெரும்பாலும் இப்படி ஒடிந்த காம்புகள்தான் இருக்கும். மாதக்கணக்கில் மொட்டையாகவே இருக்கிறதே என்று தைலம் தைலமாகத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வால் வேரிலும் ஆசனவாயைச் சுற்றியும் பிடுங்கல், சின்னச் சின்னக் காயம் என்றால் கோழிகள் ஒன்றையொன்று கொத்துகின்றன. இதைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தத்தைப் பார்த்துவிட்டால் கூட்டமாகச் சேர்ந்து குடலை இழுக்கும் வரை விடாது. கொத்துப்பட்டதை அந்த நிமிடமே பிரித்து எடுங்கள், கொத்துகிற கோழி எது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து கவனித்து அதையும் தனியாக அடைத்துவிடுங்கள். காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவி, பொவிடோன் அயோடின் என்ற புண் மருந்து வைத்து, காய்ந்ததும் வேப்பெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்துத் தடவினால் ஈயும் வராது, கசப்புக்கு மற்ற கோழியும் கொத்தாது. புழு வைத்துவிட்டால் வீட்டு வைத்தியத்தில் இறங்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கொத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இடநெருக்கடி, புரதக் குறைவு, சும்மா அடைந்து கிடப்பது. இரவுக் கூட்டில் ஒரு கோழிக்கு 2 சதுர அடியாவது வேண்டும். மழை நாளில் வெளியே விட முடியாவிட்டால் ஒரு கட்டுக் கீரையோ முருங்கைக் கொப்போ கோழி எட்டிக் கொத்துகிற உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும். முட்டைப் பண்ணையில் கழித்துவிட்ட கோழியை வாங்கி வந்திருந்தால் கழுத்தும் நெஞ்சும் கம்பியில் தேய்ந்து இறகில்லாமல்தான் இருக்கும். அலகும் வெட்டியிருப்பார்கள். அலகு குறைந்த கோழியால் இறகை நன்றாகக் கோதிக்கொள்ள முடியாது, அதனால் பேன் சீக்கிரம் பெருகும், கூடுதல் கவனம் வேண்டும்.

இனி பூச்சிகள். இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூச்சிகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கோழி உடம்பிலேயே குடியிருப்பது. பேன் அப்படித்தான், முட்டை முதல் சாவு வரை கோழி மேலேயே கழியும், சுமார் 3 வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். அது ரத்தம் குடிப்பதைவிடத் தோல் செதிலையும் இறகையும் கடித்துத் தின்பதுதான் அதிகம். இன்னொன்று, கூட்டில் குடியிருந்துகொண்டு ராத்திரி மட்டும் கோழி மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டு விடியும் முன் ஓடி ஒளிவது. சிவப்புச் செள்ளும் கோழி உண்ணியும் இந்த ரகம். பகலில் கோழியை எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, ஆனால் கோழி வெளுத்துப்போகும், கொண்டை நிறம் இழக்கும், முட்டை குறையும், சாயங்காலம் கூட்டுக்குள் போகவே அடம்பிடித்து மரத்தில் ஏறும். அப்படி அடம்பிடித்தால் அன்று இரவே ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு போய், கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புச் சிவப்பாகத் தீற்றல் விழுந்தால் அது நசுங்கிய செள்ளின் வயிற்றில் இருந்த உங்கள் கோழியின் ரத்தம்.

இந்தச் செள்ளு நல்ல வெப்பத்தில் 7 முதல் 10 நாளில் ஒரு தலைமுறை பெருகும், ரத்தம் கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் இடுக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் கோழிக்கு மட்டும் மருந்து போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை, கூட்டுக்குத்தான் வைத்தியம். கூட்டைக் காலி செய்து பழைய வைக்கோல், தவிடு, கூடை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொளுத்திவிடுங்கள். மூங்கில் கம்பின் பிளவு, பலகை சேருமிடம், ஆணி ஓட்டை, ஓலை மடிப்பு, இவைதான் அதன் வீடு. கொதிக்கிற தண்ணீரை அந்த இடுக்குகளில் ஊற்றுங்கள். சுவர் என்றால் சுண்ணாம்பு அடியுங்கள், விரிசலைப் பூசி மூடுங்கள். காய்ந்தபின் 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாகக் கலக்கி இடுக்கு இடுக்காகத் தெளியுங்கள். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் தண்ணீரில் கலக்காது. 7 நாள் கழித்து இன்னொரு தடவை, அப்புறம் மூன்றாவது தடவையும் செய்யுங்கள், ஏனென்றால் முட்டை பிழைத்துக்கொள்ளும். கூட்டின் கம்பியும் கட்டையும் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தால் இந்த வேலை மிகவும் சுலபம், புதிதாகக் கூடு செய்யச் சொல்பவர்கள் தச்சரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். செள்ளு நம் கையிலும் ஏறிக் கடிக்கும், அரிக்கும், ஆனால் மனித உடம்பில் குடியிருக்காது. கூடு சுத்தமானால் அதுவும் நின்றுவிடும்.

கோழி உடம்புப் பேனுக்கு முதல் வைத்தியம் மண்குளியல். கோழிக்கே தெரியும், நாம் இடம் கொடுத்தால் போதும். மழை படாத ஒரு மூலையில் பழைய டயரோ அகலமான தொட்டியோ வைத்து, காய்ந்த மெல்லிய மண், மணல், சலித்த விறகுச் சாம்பல் கலந்து போடுங்கள், நிழலில் காய்ந்த வேப்பிலைப் பொடி, வசம்புப் பொடி கொஞ்சம் சேர்க்கலாம். சாம்பல் காய்ந்திருக்க வேண்டும். நனைந்த சாம்பல் காரம், தோலை அரிக்கும். குப்பையும் பிளாஸ்டிக்கும் எரித்த சாம்பல் வேண்டவே வேண்டாம். பேன் கூடுதலாக இருந்தால் கந்தகத்தூளைச் சிறிதளவு இந்தக் குளியல் மண்ணில் கலந்து வைப்பது நன்றாகவே கேட்கும், செள்ளுக்கும் கேட்கும். ஆசனவாயைச் சுற்றிக் கொத்தாக முட்டை ஒட்டியிருக்கும் இறகுகளைக் கத்தரியால் வெட்டி எடுத்து எரித்துவிடுங்கள். பிடுங்க வேண்டாம். அந்தத் தோலில் வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயோடு பாதிக்குப் பாதி கலந்து விரலால் மெல்லிசாகத் தடவலாம். கோழியை முழுக்க எண்ணெயில் முக்கக் கூடாது. குஞ்சுக்கு எண்ணெயும் வேண்டாம், குளிப்பாட்டலும் வேண்டாம், உடம்பு குளிர்ந்து செத்துப்போகும்.

இதற்கும் அடங்காவிட்டால் மருந்துதான். பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகளைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், தலையும் தீவனமும் படாமல் பயன்படுத்துங்கள், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டுக்குச் சொன்ன அளவை அப்படியே கோழிக்கு அடிக்காதீர்கள். நாய்க்கு உண்ணி போக வாங்கிய ஃபிப்ரோனில் ஸ்பிரே வீட்டில் மிச்சமிருக்கும், அதை எடுத்துக் கோழிக்கு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். 2017இல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் சிவப்புச் செள்ளை ஒழிக்க இந்த மருந்தைப் பயன்படுத்தியது முட்டையில் தெரியவந்து, பல நாடுகளில் லட்சக்கணக்கான முட்டைகளைத் திரும்பப் பெற்று அழித்தார்கள். மண்ணெண்ணெய் தடவுவது தோலை வேக வைக்கும். புகையிலைத் தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம்தான், ஆனால் அதிலுள்ள நிகோடின் தோல் வழியே ஏறிக் கோழியைக் கொல்லும். சீத்தாப்பழ விதைத் தூள் கண்ணில் பட்டால் கண்ணே போகும், கோழிக்கும் சரி, தடவுகிற உங்களுக்கும் சரி.

காலில் செதில் தூக்கிக்கொண்டு, சொரசொரவென்று சுண்ணாம்பு படிந்த மாதிரி தடித்திருந்தால் செதிலுக்கு அடியில் சொறிப்பூச்சி புகுந்திருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, வேப்பெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெயோ வாசலினோ செதிலுக்குள் இறங்கும்படி தடவுங்கள். செதிலைப் பிய்த்து எடுக்காதீர்கள், ரத்தம் வரும். வாரம் இரண்டு தடவை வீதம் ஒரு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும், பார்ப்பதற்குப் பழைய கால் மாதிரி ஆக இன்னும் நாளாகும். ஒரே கம்பில் உட்காரும் எல்லாக் கோழிக்கும் சேர்த்துச் செய்யுங்கள். இதே குடும்பத்துப் பூச்சி ஒன்று இறகு வேரிலும் துளைக்கும், அப்போது கோழி அரிப்புத் தாங்காமல் தன் இறகைத் தானே பிடுங்கும். வெளியே எதுவும் தெரியாமல் தானே பிடுங்கிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் காட்டுவதுதான் வழி.

முகத்திலும் கொண்டையிலும் வருவதைத் தனியாகப் பாருங்கள். கண் ஓரத்திலும் கொண்டையிலும் கறுப்புப் பொட்டுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தொட்டாலும் நகராமல் இருந்தால் அது ஒட்டுத்தெள்ளு. வாசலினைக் கண்ணுக்குள் போகாமல் அதன் மேல் கனமாகத் தடவினால் மூச்சடைத்துச் சாகும், அப்புறம் இடுக்கியால் எடுக்கலாம். அதன் முட்டை கீழே விழுந்து புழுவாக வளர்வது கூட்டுத் தரை மண்ணில் என்பதால் மேல்மண்ணை வழித்து அள்ளிவிட வேண்டும். கொண்டையில் மாவு தூவிய மாதிரி வெள்ளைப் படலம் பரவினால் அது படர்தாமரை வகைப் பூஞ்சை, நம் கைக்கும் ஒட்டலாம், தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்புளமாக வந்து கறுத்துப் பொருக்குத் தட்டினால் அம்மை. கொசு கடித்துப் பரவும் வைரஸ் இது, பேன் மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பொருக்கைப் பிய்க்காதீர்கள், உதிர்ந்த பொருக்கிலேயே வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தனியாகப் பிரித்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கண் மூடிப்போனால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு, கையால் தீனி ஊட்டினால் பெரும்பாலான கோழி தேறிவிடும். வாய்க்குள் வெள்ளையாகப் படர்ந்து மூச்சுக்குத் திணறினால் நிலைமை மோசம், காத்திருக்காதீர்கள். கோழிகளுக்கு 6 முதல் 8 வார வயதில் இறக்கைச் சவ்வில் குத்தும் அம்மைத் தடுப்பூசியைப் போட்டுவிடுவது எல்லாவற்றையும் விட நல்லது.

பக்கத்துக் கால்நடை மருந்தகம் தூரமென்றால் தமிழ்நாட்டில் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். போகும்போது கோழியோடு, உதிர்ந்த இறகு நாலைந்தும், பிடித்த பூச்சி இருந்தால் சின்னப் பாட்டிலில் போட்டும் கொண்டு போங்கள், பார்ப்பவருக்கு வேலை சுலபமாகும்.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே கூட்டத்தோடு விடாதீர்கள். 3 வாரம் தள்ளி ஒரு பஞ்சாரத்தில் வைத்து, முதல் இரவே டார்ச் அடித்துப் பார்த்து, பேன் முட்டை இருந்தால் வெட்டி, காலைத் தடவிப் பார்த்து, பத்தாவது நாள் மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, சுத்தமென்றால் மட்டும் உள்ளே சேருங்கள். பஞ்சாரத்தையும் அதன்பின் நல்ல வெயிலில் இரண்டு நாள் கவிழ்த்துப் போட்டுவிடுங்கள்.